நகைச்சுவைப் படமும் சிற்றுரு இரயிலும்

வளர்ந்த ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பரணில் முழந்தாளிட்டுக் கையளவேயுள்ள இரயில் வண்டியை ஓட்டி மகிழ்வாராயின், உலகம் அவரைக் கண்டு புன்முறுவல் பூக்கும். ஒருவன் வழுக்கி விழுவதையும், அவன் தோளில் ஏந்திய ஏணி சுழன்று பிறர் முதுகில் மோதுவதையும் திரையிற் கண்டு வயிறு குலுங்க நகைப்பாரையும் அவ்வுலகம் அவ்வாறே மதிக்கும். இரண்டும் சிறுபிள்ளைச் செயல் என்பது பொதுவான தீர்ப்பு. கற்றார் கையிற் சேரும் இம்மலரில் இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்துப் பேசப் புகுந்தமைக்காக எம்மை நொந்துகொள்வாரும் இருக்கலாம். ஆயினும், இவ்விரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதும், அவ்வேர் அளவிற் பிழையாமையே என்பதும் எமது துணிபு.

இவ்வகை ஹாஸ்யத்தை மேனாட்டார் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பர். அஃது உண்மையில் ஒரு கருவியின் பெயர். பழைய இத்தாலிய நாடக மேடையிற் கோமாளி கையில் வைத்திருந்த தடி, மரப்பட்டைகள் இரண்டை ஓர் இடைவெளி விட்டுப் பிணைத்துச் செய்ததாகும். அதனால் அடிப்பின் ஓசை பெரிது, நோவு சிறிது. தச்சன் அவ்விடைவெளியைச் சற்றுத் தவறவிட்டால் ஓசை குன்றிவிடும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் ஒன்றாக வைத்தார். மேடையில் நாம் காண்பது பேதைமையே. ஆனால் அப்பேதைமையை நமக்குக் காட்டுவோன் பேதையாயிருத்தல் இயலாது.

இதற்குச் சான்றாக அமெரிக்க நடிகர் பஸ்டர் கீட்டன் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். 1895-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், நடை பழகும் பருவத்திலேயே பெற்றோருடன் மேடையேறித் தூக்கி எறியப்பட்டு வளர்ந்தவர். பேசாப்படக் காலத்தில் சாப்ளின், ஹரால்டு லாயிட் ஆகியோருடன் ஒருங்கு எண்ணப்பட்டவர். படத்தில் என்ன நேரினும் முகத்தில் நகையோ அழுகையோ தோன்றாது. இரயில்மேல் இவர்க்கிருந்த காதல் இவர் படங்கள் பலவற்றில் வெளிப்பட்டது.

1922-இல் வெளிவந்த ‘எலெக்ட்ரிக் ஹவுஸ்’ என்னும் குறும்படம் ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழாவிலே தொடங்குகிறது. தாவர நூல் கற்ற கதாநாயகன் கையில், சான்றிதழ்கள் மாறிப்போனமையால், மின்சாரப் பொறியியற் பட்டம் வந்து சேர்கிறது. (நம் கல்லூரியில் இத்தகைய மாற்றம் நேராதென்று நம்புவோமாக.) செல்வர் ஒருவர் அவனை நம்பித் தம் மாளிகை முழுவதையும் மின்சாரமயமாக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறார். அவன் அமைத்தவற்றுள் தலைசிறந்தது ஒரு சிற்றிரயில். அடுக்களையினின்று சுவரைத் துளைத்துக்கொண்டு புறப்படும் அவ்வண்டி, உணவு மேசையின்மீது அமைந்த தண்டவாளத்தின் வழியே உண்போர் ஒவ்வொருவர் முன்னும் நின்று நின்று உணவு பரிமாறுகிறது. சிறிது பொழுதில் ஒழுங்கு குலைகிறது. வண்டி தடம் புரள, உணவு மடியிற் கவிழ்கிறது.

அக்காட்சியில் நம்மை நகைக்கச் செய்வது யாது? உணவு சிந்தியதெனின், அதற்கு இரயில் வேண்டியதில்லை; கை நடுங்கும் பணியாள் ஒருவன் போதும். அவ்வண்டி முதலில் மிகவும் நேர்த்தியாக ஓடியதே நகைப்பின் மூலதனம். வளைவு வருமிடத்தில் வேகம் தணிந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, மெய்யான இரயிலொன்று செய்வன அனைத்தையும் அது செய்தது. ஒழுங்கு எவ்வளவு உறுதியாக நிலைநாட்டப்பட்டதோ, அதன் குலைவும் அவ்வளவு நகைப்பைத் தருகிறது. சிற்றுரு இரயில் அமைப்போர் இதனை நன்கறிவர். தண்டவாள இணைப்பில் ஒரு மயிரிழை ஏற்றத்தாழ்வு இருப்பினும் போதும், ஆறு மாத உழைப்பு விருந்தினர் முன்னிலையில் கவிழ்ந்துவிடும்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘அவர் ஹாஸ்பிட்டாலிட்டி’ என்னும் படத்தில் கீட்டன் இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை செய்தார். கதை 1830-களில் நிகழ்வது. அக்காலத்து அமெரிக்க என்ஜினைவிட இங்கிலாந்தில் 1829-இல் ஸ்டீவன்ஸன் அமைத்த ‘ராக்கெட்’ பார்வைக்கு வேடிக்கையானதென்று கருதி, அதன் உருவையே முழு அளவிற் செய்வித்து ஓட்டினார். தண்டவாளம் பாறைமேலும், வீழ்ந்துகிடந்த மரத்தின்மேலும் துணி விரித்தாற்போல வளைந்து செல்கிறது. வழியில் நிற்கும் கழுதை நகர மறுத்தமையால், தண்டவாளத்தையே சற்று அப்பால் நகர்த்திவிட்டு வண்டியை ஓட்டுகின்றனர். நாயொன்று வண்டியின் அடியிலேயே நெடுந்தொலைவு களைப்பின்றி நடந்து வருகிறது. அவ்வண்டியின் ஓட்டுநராக நடித்தவர் கீட்டனின் தந்தையார். மெய்யான இருப்புப்பாதையில் தண்டவாளத்தைக் கையால் வளைத்தல் இயலாது; சிற்றுரு இரயிலுக்கென விற்கப்படும் தண்டவாளத்தையோ விரலால் வளைத்து வேண்டியவாறு பதிக்கலாம். எனவே, பெரிய இரயிலைப் பொம்மை இரயிலின் விதிக்கு உட்படுத்தியதே இப்படத்தின் நகைச்சுவை என்போம்.

இனி, அவரது தலைசிறந்த படைப்பாகிய ‘தி ஜெனரல்’. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், வடபுலத்தைச் சார்ந்த ஆண்ட்ரூஸ் என்பாரின் தலைமையில் ஒரு சிறு குழு ஜார்ஜியா நாட்டில் ‘ஜெனரல்’ என்னும் என்ஜினைக் கவர்ந்துகொண்டு வடக்கு நோக்கி ஓட்டியது. தென்புலத்தார் துரத்திப் பிடித்தனர். கீட்டன் இதனைத் தென்புலத்து ஓட்டுநன் ஒருவனது கதையாக மாற்றினார். ஓரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்னும் ஊரை அடுத்த இருப்புப்பாதையில் 1926-ஆம் ஆண்டில் படம் எடுக்கப்பட்டது.

இதில் நாம் என்றும் மறவாத காட்சி மிகச் சிறியது. படையிற் சேர்த்துக்கொள்ளப்படாமல், காதலியாலும் கோழையென்று இகழப்பட்ட ஓட்டுநன், தன் என்ஜினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மீது தளர்ந்து அமர்கிறான். என்ஜின் மெல்ல நகரத் தொடங்குகிறது. தண்டு அவனை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் கொண்டு செல்கிறது. துயரில் ஆழ்ந்த அவன் அதனை உணரவில்லை. நீராவியைச் சற்று மிகுதியாகத் திறந்திருப்பின் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழன்றிருக்கும். தண்டின்மேல் இருந்தவர் உயிர் பிழைத்திரார். ஒரு கையின் நுண்ணிய திறமையின்மீது அந்நகைப்பு முழுவதும் நிற்கிறது. பிறிதோரிடத்தில் அவன் ஓடும் என்ஜினின் முன்புறத்து இரும்புச் சட்டகத்தில் அமர்ந்து, பகைவர் பாதையில் எறிந்த சிலீப்பர் கட்டையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறான். எதிரே இன்னொரு கட்டை கிடக்கிறது. கையிலுள்ளதை அதன் நுனியில் எறிய, இரண்டும் ஒருசேரத் துள்ளி அப்பால் விழுகின்றன. நெம்புகோலின் தத்துவத்தை இதனினும் இனிதாகக் கற்பித்த பௌதிக ஆசிரியர் எவரையும் யாம் அறியோம்.

இப்படத்திற் பலரும் வியந்து பேசுவது பாலக் காட்சியை. 1926 ஜூலை 23-ஆம் நாள், எரிந்துகொண்டிருந்த மரப்பாலத்தின்மேல் மெய்யான என்ஜினொன்று செலுத்தப்பட்டது. பாலம் முறிந்து, வண்டி ஆற்றில் வீழ்ந்தது. பேசாப்படங்களில் இதனினும் பெரும்பொருள் விழுங்கிய தனிக்காட்சி வேறில்லை என்பர். செலவு 42,000 டாலர் எனச் சொல்லப்படுகிறது. இரும்பு அவ்வாற்றிலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அகற்றப்பட்டது. சிற்றுரு வண்டியைக் கொண்டு இதனை எளிதில் எடுத்திருக்கலாமே என வினவலாம். பிறர் பலர் அவ்வாறே செய்தனர்.

ஈண்டுத்தான் அளவைப் பற்றிய நுட்பமொன்று தோன்றுகிறது. மேனாடுகளிற் பெரிதும் வழங்கும் சிற்றுரு அளவு 1-க்கு 87. நீளம் 87-இல் ஒரு பங்காகக் குறையும்போது, பொருள் ஒன்றேயாயின், எடை 6,58,503-இல் ஒரு பங்காகக் குறைகிறது. உருவைச் சுருக்கலாம்; புவியின் ஈர்ப்பைச் சுருக்குவார் எவருமில்லை. ஆகவே சிற்றுருப் பாலத்தினின்று வீழும் வண்டி, பெருவண்டியைவிட 9 மடங்கு விரைவில் தரையை அடைந்துவிடும். படக்கருவியை அதற்கேற்ப விரைந்து ஓட்டிக் காலத்தை நீட்டலாம். அங்ஙனம் நீட்டினும், தெறிக்கும் நீர்த்துளியும் எழும் புகையும் சிறியனவாகா. அவை உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். கீட்டனின் பாலம் ஐயுறுவதற்கு இடமளிக்கவில்லை.

எனினும், அக்காட்சியின் நகைப்பு வீழ்ந்த வண்டியில் இல்லை. பாலம் தாங்குமென்று துணிந்து ஆணையிட்ட படைத்தலைவரின் முகம் அடுத்து வருகிறது. நகைப்பு அம்முகத்தில் உள்ளது. ஒரு முகத்தின்பொருட்டு ஓர் என்ஜினை அழித்தல் தகுமா? யாம் இதில் இருமனப்பட்டே நிற்கிறோம். வண்டி பொய்யாயிருப்பின் அம்முகமும் பொய்யாகியிருக்கும் என்பது ஒருபுறம். படம் செலவை ஈடுசெய்யாமையால், கீட்டன் 1928-இல் தம் தனியுரிமையை இழந்து மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்திற்கு உட்பட்டு உழைக்க நேர்ந்தது மறுபுறம். 1989-இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதலில் இடம்பெற்றவற்றுள் இப்படமும் ஒன்றாயிற்று. அதனைக் காண அவர் இலர்.

இன்னொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. தென்புலம் போரிட்டது அடிமை வாணிகத்தையும் அடிமை முறையையும் காக்கும்பொருட்டு. மெய்யான வரலாற்றில் ஆண்ட்ரூஸ் உள்ளிட்ட எண்மர் தூக்கிலிடப்பட்டனர். படத்தில் அவர்கள் துரத்தப்படும் கள்வர். ‘ஜெனர’லின் சிற்றுருவைப் பித்தளையும் வண்ணமும் பொலியச் செய்து பேழையில் வைப்போரும் இவ்வரலாற்றை உடன் வைப்பதில்லை. சுருக்கும்போது எடை குறைவது இரும்பில் மட்டுமன்று போலும்.

சிற்றுரு இரயிலாளருள் ஆணியொவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து, ஒன்று குறையினும் முகஞ்சுளிப்பவர் உண்டு. அவர்க்கு நகைச்சுவை ஆகாதென்பர் சிலர்; யாம் உடன்படோம். கலிபோர்னியாவில் மான்டெரி என்னும் ஊரில் வாழ்ந்த ஜான் ஆலன், தம் வீட்டினடியில் மலையும் பாலமும் பள்ளத்தாக்குமாக ஓர் இருப்புப்பாதை உலகையே படைத்தார். துரு ஏறிய பெட்டியையும் சாயம் வெளுத்த சுவரையும் உள்ளவாறே காட்டுவதில் அவர்க்கு ஒப்பார் அரியர். அவரே தம் பாதைக்கு ‘கோரி அண்டு டிஃபீட்டட்’ என ஒலிக்கும்படி, ‘குருதி தோய்ந்து தோற்றது’ என்று பொருள்படப் பெயரிட்டார். பெட்டிகளை இழுக்க ஒரு டைனோஸரையும் நியமித்தார். சுற்றிலும் எல்லாம் பிழையற்றிருந்தமையால் அவ்விலங்கு நகைப்பூட்டியது. 1973-இல் அவர் மறைந்த சில நாட்களுக்குள் அப்பாதை தீக்கிரையாயிற்று.

வால்ட் டிஸ்னியும் தம் வீட்டுத் தோட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் இரயில் அமைத்து ஏறி ஓட்டியவர். அவரது நிறுவனமே 1951-இல் ‘அவுட் ஆஃப் ஸ்கேல்’ என்னும் கார்ட்டூனில் டொனால்டு வாத்தைத் தோட்ட இரயிலின் உரிமையாளனாக்கி, அளவுக்கு மிஞ்சிய ஒரு மரத்தின்பொருட்டு அணிற் குஞ்சுகளோடு போர் தொடுக்கச் செய்தது. முதலாளியை நகையாடும் உரிமை அங்கு இருந்ததென்று அறிகிறோம்.

கீட்டனின் உண்மையான வழித்தோன்றல் எவர் என்று வினவின், யாம் ஒரு களிமண் நாயைச் சுட்டுவோம். நிக் பார்க் இயக்கி 1993-இல் வெளிவந்த ‘தி ராங் டிரௌஸர்ஸ்’ என்னும் படத்தில் குரோமிட் என்னும் நாய், வைரம் கவர்ந்த பென்குவின் ஒன்றை வீட்டினுள்ளேயே பொம்மை இரயிலில் துரத்துகிறது. தண்டவாளம் தீர்ந்துவிடும் நிலையில், பெட்டியொன்றினின்று துண்டு துண்டாக எடுத்துத் தனக்கு முன்னே விரைந்து பதித்துக்கொண்டே அது ஓடுகிறது. கீட்டன் என்ஜினின் முன்னே அமர்ந்து பாதையிற் கிடந்ததை அகற்றினார். இந்நாய் முன்னே அமர்ந்து பாதையையே இடுகிறது. நாய்க்கும் வாயில்லை, பேச்சில்லை. புருவம் மட்டுமே உண்டு. ஒவ்வொரு சட்டகமாகப் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தோர் உழைப்பைக் கணக்கிட்டால், எவரும் அதனை விளையாட்டென்னார்.

கீட்டனும் முதுமையில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிற்றிரயில் அமைத்து, விருந்தினர்க்கு அதன்மேல் சிற்றுண்டி அனுப்பி மகிழ்ந்தார். 1922-இல் திரையில் கவிழ்ந்த வண்டி, பின்னாளில் தோட்டத்தில் ஒழுங்காக ஓடியது. 1964-இல் கனடா நாட்டுத் தேசியத் திரைப்படக் கழகம் அவரை அழைத்து, இருப்புப்பாதைப் பணியாளர் ஊரும் சிறு மோட்டார் வண்டியில் அமர்த்தி, அட்லாண்டிக் கரையினின்று பசிபிக் கரைவரை ஒரு சொல்லும் பேசாது செல்லும்படி ‘தி ரெயில்ராடர்’ என்னும் படத்தை எடுத்தது. இயக்குநர் ஜெரால்டு பாட்டர்டன். உயர்ந்த பாலமொன்றின்மேல் வண்டி செல்கையில், விரித்த தேசப்படம் காற்றில் சுற்றி உடல் முழுவதையும் மூடிக்கொள்ள, ஒன்றும் காணாது அமர்ந்திருக்க வேண்டுமென்று கீட்டன் விரும்பினார். இயக்குநர் அஞ்சி, அபாயமில்லாத இடத்தில் எடுக்கலாமென்றார். பாலமில்லையேல் அதில் நகைப்பில்லை என்று அறுபத்தொன்பது வயது முதியவர் வாதிட்டார். பாலத்தின்மீதே அக்காட்சி எடுக்கப்பட்டது.