மலையடிவாரத்துக்குக் குடிபோகும் ஆசையா? முதல் வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள்!

சிவகாசியில் ஒரு வேடிக்கை உண்டு. பனி மூடிய மலை, பாலாய்க் கொட்டும் அருவி, பச்சைப் பசேல் பள்ளத்தாக்கு என்று ஊருக்கெல்லாம் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பது இந்த ஊர்தான். ஆனால், தீபாவளி ஆர்டர், புத்தாண்டு ஆர்டர் என்று வருஷம் முழுக்க ஓடுகிறவர்களுக்கு, மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் நிற்கும் நிஜ மலையை நிமிர்ந்து பார்க்கத்தான் நேரம் இருப்பதில்லை.

அந்த நேரம் பலருக்கும் ஐம்பது வயதுக்கு மேல்தான் வாய்க்கிறது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு என்று போய்விடுவார்கள். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். "பேசாம ராஜபாளையம் பக்கம் ஒரு தோப்பு வாங்கிட்டுப் போயிடலாமா?" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கும் இளம் ஜோடிகளும் இப்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால், இருக்கிற வீட்டை விற்றுவிட்டுப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒரே மலை, இரண்டு வானிலை

சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்து சேர்ந்ததற்கு வறண்ட வானிலை ஒரு முக்கியக் காரணம். ஈரம் குறைவு, மழை குறைவு, வெயில் அதிகம். குச்சியும் காகிதமும் மருந்தும் நன்றாகக் காயும். அந்த வறட்சிக்குக் காரணம் யார் தெரியுமா? நாம் ஆசைப்படும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையில் மோதி மேலே ஏறும்போதே பெரும்பாலான மழையைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். நமக்கான முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் வருகிறது.

இதனால் என்ன? நவம்பர் மாதம் இடம் பார்க்கப் போகிறவருக்குக் கிணறு நிறையத் தண்ணீரும் ஓடையில் சலசலப்பும் தெரியும். அதே இடத்தை மே மாதம் போய்ப் பார்த்தால் கிணற்றின் அடிப்பாறை தெரியலாம். ஆகவே நிலத்தைக் கோடையில் ஒரு முறை, மழையில் ஒரு முறை என்று இரண்டு முறை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓடையின் பக்கத்தில் வீடு கட்டுவது எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் மலை ஓடைக்கு, நம் வீட்டில் மழை பெய்தால்தான் தண்ணீர் வரும் என்ற கணக்கு கிடையாது. மேலே மலையில் பெய்தால் போதும், கீழே சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரி மலைப் பாதையில் இப்படித் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தது நினைவிருக்கும். அது கோடை மாதம் என்பதைக் கவனியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. பரப்பளவு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். செண்பகத்தோப்பு, ராஜபாளையத்தின் அய்யனார் கோயில் பகுதி, சேத்தூர், தேவதானம், வத்திராயிருப்பின் பிளவக்கல் என்று நாம் தோப்பு தேடும் இடங்களெல்லாம் இந்தக் காட்டின் வாசலில்தான் இருக்கின்றன.

புலி உங்கள் தோப்புக்கு வருவது அபூர்வம். யானை வரும். தென்னங்குருத்தும் மாம்பழமும் அதற்குப் பிடித்த சாப்பாடு. ராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் நமக்கு மட்டுமா இனிக்கும்? யானையை விரட்டத் தோப்புக்காரர்கள் வெடி போடுவது இங்கே வழக்கம். சிவகாசியில் பிழைப்பாக இருந்த பட்டாசு, இங்கே வந்ததும் காவல்காரன் ஆகிவிடுகிறது. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அது யானையை மட்டுமல்ல, ஆட்களையும் கொல்லும். காட்டை ஒட்டிய நிலத்தில் சூரிய மின்வேலி போடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்து பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் பக்கம் உண்டு. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்யும்போது முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். தரையில் படுக்காதீர்கள். கடித்துவிட்டால் கத்தியால் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், நேராக ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடிபோகும் முன்பே, தோப்பிலிருந்து மருத்துவமனைக்கு இரவு நேரத்தில் ஒரு முறை வண்டியில் போய் நேரம் பார்த்துக்கொள்வது நல்லது.

சிட்லிங்கிக்குப் போன தம்பதி

ஊரை விட்டு மலைப் பக்கம் போய் நிலைத்த தம்பதிகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும்தான். இருவரும் கேரளத்துக்காரர்கள். ஆலப்புழா மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பழக்கம். பிறகு திண்டுக்கல் பக்கம் காந்திகிராம மருத்துவமனையில் வேலை. எளிதில் குணமாகிற நோய்க்குக் கூட மக்கள் எவ்வளவோ தூரம் பயணப்பட்டு வருவதை அங்கே பார்த்தார்கள்.

உடனே எங்கேயாவது போய் மருத்துவமனை கட்டிவிடவில்லை. ஒரு வருஷம் நாட்டைச் சுற்றினார்கள், எங்கே தேவை இருக்கிறது என்று பார்த்தார்கள். கடைசியில் 1993-ல் தருமபுரி மாவட்டம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் போய் உட்கார்ந்தார்கள். தொடக்கத்தில் அவர்களின் மருத்துவமனை ஒரு கூரைக் குடிசைதான். அருகில் இருந்த பெரிய ஊரான அரூர் 48 கிலோமீட்டர் தள்ளி. அங்கே அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை என்கிறது அவர்கள் தொடங்கிய ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் அமைப்பின் கணக்கு. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கினார்கள். பின்னால் அது இயற்கை விவசாயிகள் சங்கமாகவும், லம்பாடிப் பெண்களின் எம்ப்ராய்டரியாகவும் கிளை விட்டது. பத்து வருஷம் கழித்து அதே பள்ளத்தாக்குக்கு அனுராதா - கிருஷ்ணா என்ற இன்னொரு தம்பதி வந்து, 'துளிர்' என்ற கற்றல் மையத்தைத் தொடங்கினார்கள்.

நாம் எல்லோரும் மருத்துவமனை கட்டப் போவதில்லை. ஓய்வுக்குப் போகிறோம், காலையில் நடக்கப் போகிறோம், கீரை போடப் போகிறோம். ஆனாலும் இந்தத் தம்பதியிடமிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, போவதற்கு முன் ஒரு வருஷம் தேடினார்கள். இரண்டு, போன இடத்து மனிதர்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டும் இல்லாமல், கேட் போட்டு, நாய் கட்டி, உள்ளே தனியாக உட்கார்ந்தால், மலை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆறு மாதத்தில் அலுத்துவிடும்.

இருவருக்கும் ஒரே கனவா?

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் இதுதான். தோப்பு வீடு பெரும்பாலும் ஒருவருடைய கனவு. இன்னொருவர் தலையாட்டியிருப்பார். சிவகாசித் தெருவில் இருக்கும் அம்மாவுக்குக் காலையில் பூக்காரி, பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா, மாலையில் பத்ரகாளியம்மன் கோயில், கூப்பிட்டால் வரும் ஆட்டோ என்று ஒரு உலகமே கட்டிவைத்திருப்பார். அப்பா அங்கிருந்து அவரைக் கூட்டிக்கொண்டுபோய் நான்கு ஏக்கர் தனிமையில் விடும்போது, அப்பாவுக்குக் கிடைப்பது அமைதி, அம்மாவுக்குக் கிடைப்பது மூன்று வேளைச் சமையலும் விருந்தாளிகளும். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத மனைவி, கணவர் வரும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

அதனால் கிணறு, பட்டா எல்லாம் பார்ப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே போனால் உன்னுடைய நாள் எப்படி இருக்கும், என்னுடைய நாள் எப்படி இருக்கும் என்று தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் இன்னொருவர் வண்டி ஓட்டுவாரா? ஒருவர் இல்லாமல் போனால் இன்னொருவர் அங்கே இருப்பாரா, திரும்புவாரா? கசப்பான கேள்விதான். ஆனால் இருக்கிற வீட்டை விற்பதற்கு முன் கேட்டாக வேண்டும்.

சரி, எப்படி ஆரம்பிக்கலாம்?

* முதல் வருஷம் வாடகை வீடு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது வத்திராயிருப்பில் ஊருக்குள்ளேயே இருங்கள். ஆனி, ஆடிக் காற்று, ஐப்பசி மழை, பங்குனி வெயில் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

* பட்டா, வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதோடு நிறுத்தாமல், பஞ்சமி நிலமா, ஓடைப் புறம்போக்கா, காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தாலுகா அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேளுங்கள்.

* மலை தெரிகிறதே என்று நீங்களாக ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கென்று 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் திறந்திருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள்.

* செண்பகத்தோப்பு, தாணிப்பாறை பக்கம் தலைமுறைகளாக வாழும் பளியர் மக்களிடம் பேசுங்கள். யானை எந்த வழியாக இறங்கும், எந்த ஓடை எப்போது பொங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

* தோப்பு வாங்கினால், ஓரத்து மரங்களை வெட்டாதீர்கள். சாம்பல் நிற அணில், மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு அடிக்கு மேல் நீளும் பெரிய அணில். தரையில் இறங்காமல் கிளை விட்டுக் கிளை தாவித்தான் அது வாழ்கிறது. உங்கள் மாமரத்தின் கிளையும் பக்கத்துத் தோப்புப் புளியமரத்தின் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால், அதற்கு அதுதான் பாதை.

காலையில் இருவரும் காபியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கிளையில் ஒரு சாம்பல் வால் தெரிந்தால், மேலே சொன்ன அத்தனை அலைச்சலும் வீண் இல்லை என்று தோன்றும். அதைப் பார்க்க ஆசை என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம் இருவருமாக ஒரு நடை போய்வாருங்கள். வீட்டை விற்பதைப் பற்றி அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம்.