அமீன் குப்பியும் அடைமுட்டையும்

1963-இல் சென்னையில், பெரியம்மை கண்டவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெத்திசாசோன் என்பது அதன் பெயர். பாவர், கெம்ப், டவ்னி ஆகியோர் அடங்கிய குழு அதே ஆண்டில் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. மருந்து உண்ட 1,101 பேரில் மூவருக்கு மட்டும், அதுவும் லேசாக, அம்மை கண்டது. உண்ணாத 1,126 பேரில் 78 பேருக்குக் கண்டு, 12 பேர் இறந்தார்கள். வைரஸுக்கு மருந்தே கிடையாது என்று மருத்துவர்கள் கைவிரித்த காலம் அது.

அந்த மூலக்கூறு நமக்கு அந்நியமானதல்ல. ஐசாட்டினின் நைட்ரஜனில் ஒரு மீத்தைல் தொகுதி. மூன்றாம் கார்பனில் தயோசெமிகார்பசைடின் அமீன் முனை வந்து சேர்ந்து, நீர் விலகி உருவான இமீன் பிணைப்பு. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் உள்ள மருந்தியல் கல்லூரிகளில் முதுநிலை மாணவர் கையில் ஐசாட்டினைக் கொடுத்தால், ஒரு வாரத்துக்குள் இதைச் செய்து படிகமாக்கி உருகுநிலையும் பார்த்துவிடுவார். இன்னும் ஒரு படி போய், ஃபார்மால்டிஹைடும் பிப்பரிடின், மார்ஃபோலின் போன்ற ஈரிணைய அமீனும் சேர்த்து ரீஃப்ளக்ஸ் செய்து மானிக் காரங்களையும் வரிசையாகத் தயாரிப்பார். தொகுப்பு வேதியியலில் நம் மாவட்டங்களின் கைத்திறன் குறைந்ததே இல்லை. நம் ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளில் விளைச்சல், ஐஆர், என்எம்ஆர், நிறைமாலை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதுதான் மனம் தளர்கிறது. அங்கே வைரஸ் இருக்காது. கணினித் திரையில் ஒரு புரதமும் அதன் குழியில் பொருத்திவைத்த நம் மூலக்கூறும், மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது என்று டாக்கிங் மதிப்பெண்ணும் இருக்கும். அதை நம்பித் தலைப்பில் ‘வைரஸ் எதிர்ப்பு’ என்று எழுதிவிடுகிறோம்.

டாக்கிங்கை நான் குறைத்துப் பேசவில்லை. நூறு மூலக்கூறுகளில் எந்தப் பத்தை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அது உதவும். செய்து முடித்த பத்தில் எது வேலை செய்கிறது என்பதை வைரஸிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும்போதும் அமீன்காரர்களான நாம் மற்றவர்களைவிட இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. ஐசாட்டினின் நைட்ரஜனில் அமினோமீத்தைல் ஏற்றிய மானிக் காரம் நீரில் நிலையாக இராது. சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளிவிடக்கூடும். ஃபார்மலின் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் என்பது செயலிழந்த தடுப்பூசி தயாரிக்கும் எவருக்கும் தெரியும். அப்படியானால் சோதனைத் தட்டில் வைரஸை அடக்கியது நம் புதிய மூலக்கூறா, அதிலிருந்து கசிந்த பழைய ஃபார்மலினா? கீட்டோனில் கட்டிய மானிக் காரமானால் வேறு சிக்கல்: அமீன் கழன்று, மீதமுள்ள வினைல் கீட்டோன் எதிர்ப்படும் தயோலையெல்லாம் பற்றிக்கொள்ளும். ஆகவே சேர்மத்தை 37 டிகிரியில் பஃபரில் ஒரு நாள் வைத்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதும், அமீனையும் ஃபார்மால்டிஹைடையும் தனித்தனியே ஒப்பீட்டுக்கு வைப்பதும் கட்டாயம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். பல நேரங்களில் டிஎல்சி தகடே காட்டிக்கொடுத்துவிடும். மானிக் காரம் என்றாலே ஒதுக்க வேண்டியதுமில்லை. ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்ஃப்ளூயன்சாவுக்குக் கொடுக்கப்படும் உமிஃபெனோவிர், இண்டோல் வளையத்தில் டைமீத்தைலமினோமீத்தைல் தாங்கிய மானிக் காரம்தான்.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. கொழுப்பில் கரையும் வால் ஒருபுறமும் காரத்தன்மையுள்ள அமீன் மறுபுறமும் கொண்ட மூலக்கூறுகள் செல்லின் லைசோசோமுக்குள் புரோட்டான் ஏற்று அகப்பட்டுக்கொள்கின்றன. அங்கே பாஸ்போலிப்பிடு குவிகிறது. செல்லின் சவ்வுகள் குலைகின்றன. வைரஸ் பெருகுவது குறைந்ததுபோல் தெரிகிறது. கொரோனா காலத்தில் பழைய மருந்துகளைச் செல்களில் சோதித்துக் கிடைத்த நம்பிக்கைகளில் பல இப்படி வந்தவைதான் என்று 2021-இல் சயன்ஸ் இதழில் ஒரு குழு காட்டியது. அவர்கள் எலியில் சோதித்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயினின் கதையும் அதுவே. குரங்குச் சிறுநீரக வீரோ செல்லில் அடக்கியது. மனித நுரையீரல் செல்லில் அடக்கவில்லை. 2020 ஜூனில் ரிகவரி என்ற மருத்துவச் சோதனையின் குழு, மருத்துவமனை நோயாளிகளின் உயிரிழப்பை அது குறைக்கவில்லை என்று அறிவித்தது.

மெத்திசாசோனுக்கும் பின்கதை உண்டு. பாகிஸ்தானில் ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய களச்சோதனைகளின் முடிவு 1971-இல் வெளிவந்தபோது, புள்ளியியல் அளவில் சொல்லத்தக்க பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. சென்னை எண்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்தியவர்களுக்கு இந்தப் பாதி தெரியாது.

சரி, வைரஸுக்கு எங்கே போவது? தொலைதூர ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதைப் பார்க்கத் தவறுகிறோம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை போகும் அந்த ஊரில் கோழி வைரஸ் அன்றாடப் பேச்சு. பண்ணைக்காரர்கள் வெள்ளைக் கழிச்சல் என்றும் நாம் ராணிக்கெட் நோய் என்றும் சொல்வதற்குக் காரணமான வைரஸ் ஒரு பாராமிக்சோவைரஸ். ஆர்என்ஏ வைரஸுக்கு எதிரான முதல்கட்டச் சோதனைக்கு நல்ல மாதிரி. அதிலும் லசோட்டா போன்ற வீரியம் குறைந்த தடுப்பூசி விகாரமே நமக்குப் போதும். 9 முதல் 11 நாள் அடைகாத்த முட்டையின் அலன்டாயிக் பையில் வைரஸைச் செலுத்தி, சேர்மம் கொடுத்ததையும் கொடுக்காததையும் அடைகாப்பானில் வைத்து, பிறகு அந்த நீரில் கோழி இரத்தச் சிவப்பணுக்கள் எந்த நீர்ப்பு வரை திரள்கின்றன என்று பார்த்தால் ஒரு திடமான எண் கிடைக்கும். சேர்மம் மட்டும் பெற்ற கரு உயிரோடு இருக்கிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

நாமக்கல் முட்டைதானே, எளிதாயிற்றே என்று எண்ண வேண்டாம். கடைக்கு வரும் முட்டையில் கரு இல்லை. கருவுள்ள முட்டையானாலும், தடுப்பூசி போட்ட தாய்க்கோழியின் எதிர்ப்பொருள் மஞ்சள் கருவில் இருந்து வைரஸைத் தானே அடக்கிவிடும். நம் அமீனுக்குப் புகழ் வந்து சேரும். நோய்க்கிருமியற்ற மந்தையின் முட்டை வேண்டும். இதையெல்லாம் கால்நடை வைராலஜி அறிஞர் கேட்ட நிமிடத்தில் சொல்வார். அவரைத் திட்டம் வரையும் நாளிலேயே கூட்டுப் புலனாய்வாளராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். சேர்மங்களை முடித்துவிட்டு ‘சோதித்துத் தாருங்கள்’ என்று குப்பியை நீட்டுவது கூட்டு ஆய்வாகாது. நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் அந்த நாளிலேயே தொடங்க வேண்டியது.

ஒன்றில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். முட்டையில் சோதிப்பது பண்ணைக் கோழிக்குத் தீவனத்தில் கலப்பதற்காக அல்ல. அமான்டடின் ஓர் எளிய ஓரிணைய அமீன். 1966-இல் அமெரிக்காவில் இன்ஃப்ளூயன்சாவுக்கு அனுமதி பெற்றது. வைரஸின் எம்2 வாயிலை அடைக்கும். சீனாவில் அதைக் கோழிகளுக்கும் கொடுத்ததாக 2005-இல் செய்தி வந்து உலகமே கவலைப்பட்டது. எம்2 புரதத்தில் 31-ஆம் இடத்து செரின் அஸ்பராஜினாக மாறிய வைரஸ்கள் பரவி, 2006 ஜனவரியில் அந்த மருந்தை இன்ஃப்ளூயன்சாவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. கோடிக்கணக்கான கோழிகள் நெருக்கமாக வாழும் நம் சமவெளியில் அப்படி ஒரு தவறுக்கு இடமே இருக்கக்கூடாது.

நம் ஆய்விதழில், அடுத்த இதழ் முதல் ‘வைரஸ் எதிர்ப்பு’ என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கி வரும் கட்டுரைகளில் செல் அல்லது முட்டைச் சோதனையும், நச்சுத்தன்மை அளவும், சேர்மத்தின் நிலைப்புத்தன்மையும் இருக்க வேண்டும். டாக்கிங் மட்டும் உள்ளவற்றைக் கணிப்பு ஆய்வு என்ற தனிப்பகுதியில் வெளியிடுவோம். வைரஸை அடக்காத சேர்மங்களின் முடிவுகளுக்கும், ஒழுங்கான ஒப்பீட்டோடு வந்தால், இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அவற்றை முதலில் அனுப்புங்கள்.