ரெயில் பத்திரமாக வந்தது! யாரால்?

இரவு சென்னை எழும்பூரில் ரெயில் ஏறுகிறோம். கட்டுச் சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். குழந்தைகளைத் தூங்க வைக்கிறோம். நாமும் தூங்கி விடுகிறோம். கண் விழித்தால் மதுரை!

கிட்டத்தட்ட 500 கிலோ மீட்டர் தூரம். எத்தனையோ ஆறுகள், எத்தனையோ பாலங்கள். இவ்வளவு தூரமும் தண்டவாளம் ஒழுங்காக இருந்தது. எங்கும் ஒரு விரிசல் இல்லை. எங்கும் ஒரு வளைவு பிசகவில்லை.

இது தானாக நடந்ததா? இல்லை. அந்தப் பாதையை ஒருவர் நடந்தே பார்த்திருக்கிறார். அவருக்குப் பெயர் "கீமேன்".

ரெயில் டிரைவரை நமக்குத் தெரியும். டிக்கெட் பரிசோதகரைத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும். கீமேனை எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன வேலை?

ஒவ்வொரு கீமேனுக்கும் இவ்வளவு தூரம் என்று பாதையைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். காலையில் அவர் புறப்படுவார். கையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார். திரும்பும்போது மற்றொன்றைப் பார்த்துக்கொண்டே வருவார்.

தண்டவாளத்தைச் சிலீப்பர் கட்டையோடு இறுக்கிப் பிடிப்பது ஒரு சிறிய இரும்புக் கிளிப். ஒரு சிலீப்பருக்கு நான்கு கிளிப்புகள். முக்கியமான பாதைகளில் கிலோ மீட்டருக்கு 1660 சிலீப்பர்கள் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிலோ மீட்டருக்கு 6640 கிளிப்புகள்! ஒருவருடைய பங்கு 6 கிலோ மீட்டர் என்றால், ஏறத்தாழ 40 ஆயிரம் கிளிப்புகள் அவர் கண்ணில் பட வேண்டும். கழன்றிருந்தால் அடித்து இறுக்க வேண்டும்.

நல்ல வெயில் வந்தால் கவலை இன்னும் அதிகம். சூடு பட்டால் இரும்பு நீளும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம் அல்லவா? ஒரு கிலோ மீட்டர் தண்டவாளம், 30 டிகிரி சூடு கூடினால், தடுப்பார் இல்லாவிட்டால் சுமார் 35 சென்டி மீட்டர் நீண்டுவிடும். அதாவது முக்கால் முழம்! இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்ற வைத்துப் போடுகிறார்கள். அவை நீளாதபடி பிடித்து வைத்திருப்பவை கிளிப்பும், சிலீப்பரும், கீழே கொட்டியிருக்கும் கருங்கல் ஜல்லியும்தான். அந்தப் பிடி தளர்ந்தால் தண்டவாளம் பாம்பு போல நெளிந்துவிடும். குளிரில் இதற்கு நேர் எதிர். இரும்பு சுருங்கும். பற்ற வைத்த இடத்தில் வெடிப்பு விடலாம்.

வெடிப்பைக் கண்டுவிட்டால் கீமேன் ஓட வேண்டும். வேகமாக வரும் ரெயில் நினைத்த இடத்தில் நிற்காது. ஆகையால் அகலப் பாதையில், ஆபத்தான இடத்தில் இருந்து 600 மீட்டர் தள்ளி, தண்டவாளத்தின் மீது ஒரு வேட்டு வைக்க வேண்டும். 1200 மீட்டர் தள்ளி மூன்று வேட்டுகள் வைக்க வேண்டும். ரெயில் சக்கரம் ஏறியதும் வேட்டு வெடிக்கும். டிரைவர் ஆபத்தை உணர்ந்து ரெயிலை நிறுத்துவார். இன்று கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் டவர் கிடைக்காத காட்டில் கால்தான் துணை!

அரியலூர் சொன்ன பாடம்

மழைக் காலத்தில் வேறு விதமான வேலை. இரவில் விளக்கோடு பாதையைச் சுற்றி வரும் ரோந்து ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆபத்தான பாலங்களில் காவலுக்கு ஆள் போடுகிறார்கள். பாலத்தின் தூணில் அபாயக் குறி தீட்டியிருக்கும். தண்ணீர் அந்தக் குறியைத் தொடுகிறதா என்று கொட்டும் மழையில் அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்நாடு நன்றாக அறியும். 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அதிகாலை. சென்னையில் இருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தைக் கெடுத்திருந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ரெயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பு ஏற்றுப் பதவி விலகினார்.

அந்த ஓர் இரவை நாடு மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை மழை இரவுகள்! எத்தனை ரெயில்கள் பத்திரமாக ஆற்றைக் கடந்தன! அந்த இரவுகளை யாராவது எண்ணினார்களா?

இதுதான் கீமேனுடைய கதை. தச்சர் செய்த நாற்காலியைப் பார்க்கலாம். கொத்தனார் கட்டிய வீட்டைப் பார்க்கலாம். கீமேன் செய்த வேலையை எப்படிப் பார்ப்பது? விபத்து நடக்கவில்லை என்பதுதான் அவர் செய்த வேலை. நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாதே!

"சம்பளம் வாங்குகிறாரே?"

"சம்பளம் வாங்குகிறார், வேலை செய்கிறார். இதில் புகழ என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

சரியான கேள்விதான். வெறும் புகழ்ச்சி வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாள் மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அவருக்கு என்ன லாபம்? புகழ்வதைவிட முக்கியமானது அவருடைய உயிர்.

ஆம், உயிர்! இரட்டைப் பாதையில் ஒரு ரெயில் வருகிறது என்று ஒதுங்குகிறார். அந்த ரெயிலின் இரைச்சலில், மறு பாதையில் வரும் ரெயிலின் சத்தம் காதில் விழாது. நம்மைக் காப்பாற்ற நடந்தவர் அங்கேயே மடிகிறார். பத்திரிகையில் நான்கு வரி வருகிறது. அவர் வீட்டிலோ அடுப்பு எரிவதில்லை.

ஆகவே மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

ஒன்று: ரெயில் வருவதை முன்கூட்டியே ஒலி எழுப்பிச் சொல்லும் கருவி, பாதையில் இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். சில இடங்களில் கொடுத்தால் போதாது.

இரண்டு: இரவு ரோந்துக்குத் தனி ஆளை அனுப்பக் கூடாது. துணைக்கு ஒருவர் வேண்டும்.

மூன்று: வழியில் நிழலும், குடி தண்ணீரும், கழிவறையும் வேண்டும். இப்போது பெண்களும் தண்டவாளப் பராமரிப்பு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்காதீர்கள். பல ஆண்டுகளாக ரெயில் கழிவறையில் இருந்து மலம் நேராகத் தண்டவாளத்தில்தான் விழுந்தது. அதன் நடுவில்தான் இவர்கள் குனிந்து வேலை பார்த்தார்கள். இப்போது பெட்டிக்கு அடியிலேயே தொட்டி பொருத்திவிட்டார்கள். மனம் வைத்தார்கள், மாறியது. மற்றவையும் மாறும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தண்டவாளத்தில் கல் வைத்து விளையாடும் பிள்ளைகளைக் கண்டியுங்கள். ஜன்னல் வழியாகப் பாட்டிலையும் எச்சில் பொட்டலத்தையும் எறியாதீர்கள். கீழே ஒருவர் ஒதுங்கி நிற்கலாம். அது அவர் முகத்தில் படலாம்.

கோடிக்கணக்கில் பணம் போட்டுப் புதுப் புது ரெயில் விடுகிறார்கள். விடட்டும், சந்தோஷம்! ஆனால் எந்தப் புது ரெயிலும் ஓடுவது கீமேன் இறுக்கிய கிளிப்பின் மேல்தான். அந்த மனிதர் மாலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றி.