பாட்டு புறம்போக்கு இல்ல

எங்கே பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் குருவின் பெயரைச் சொல்லிக் காதைத் தொட்டுக்கொள்வது ஒரு மரபு. நம்ம பிள்ளைகள் சொல்கிற பதில் வேறு. அரக்கோணத்து அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளைச் சொல்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமற்ற கூலியாகத் திரும்பியவர் அவர். மரண கானா விஜிக்கு எழவு வீடுதான் பள்ளிக்கூடம். அது பெயரிலேயே இருக்கிறது. பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கூட்டியபோது கானாவும் பறையும் ராப்போடு ஒரே மேடை ஏறின. குழுவின் பெயருக்கு வேர், அயோத்திதாசப் பண்டிதர் எழுப்பிய 'சாதியற்ற தமிழர்' என்ற குரல்.

ஆக, நம்மவர்களின் ஆரம்பப் பாடசாலை சேரி, சாவு வீடு, நடவு வயல், ஆயாவின் மடி. இதைக் கேட்டதும் 'ஆகா, மண்ணின் மணம்' என்று சில பேர் உச்சி குளிர்ந்து போகிறார்கள். நாம் பேசுவது மணத்தைப் பற்றியல்ல, பட்டாவைப் பற்றி.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. பண்ணையாரைக் கும்பிட்டு அழைத்த அதே சொல்லால்தான் நம் ஆயாக்கள் பேரப்பிள்ளையையும் கொஞ்சினார்கள். அடிமைச் சொல்லைப் பிடுங்கி அன்பின் சொல்லாக்கியது எந்த மகாகவி? பெயர் தெரியாத ஒரு கிழவி. பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் உடன் பாடிய 'தீ' இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக இணைய அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. சொல்லும் மெட்டும் யாரும் கொடுத்ததல்ல, தன்னுடையவை என்று அவர் எழுதினார். கூட்டு முயற்சி, இசையமைத்தது தான் என்று சந்தோஷ் நாராயணன் பதில் தந்தார். 2024 மார்ச்சில், மூவருக்குமே ஒரு பைசா வரவில்லை என்று சொன்னவரும் அவரே.

மூவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. மைக் பிடித்த, ஊரறிந்த கலைஞனுக்கே இந்தக் கதி என்றால் வள்ளியம்மாள்களுக்கு என்ன கதி? 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரிக்கு எழுதியவர், மெட்டுக்கு இசையமைத்தவர், ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளர் என்று தனித்தனியே ஆள் உண்டு. எழவு வீட்டில் அந்தக் கணமே கட்டி அழுத ஒப்பாரிக்கு அத்தாட்சி எங்கே? வங்கிக் கவுண்டரில் கைநாட்டு வைக்கிற கிழவியிடம் சாட்சி கேட்கிறோம், கையெழுத்துக்காரரிடம் கேட்பதில்லை. இங்கேயும் அதே கதைதான். ஆயா பாடினால் 'நாட்டுப்புறப் பாடல்', எடுத்துப் போட்டவர் 'கவிஞர்'.

'பாட்டு எல்லாருக்கும் பொதுதானே தோழர், இதுல என்ன சொந்தம்?' என்று நம்மவர்களே கேட்கிறார்கள். பொது வேறு, புறம்போக்கு வேறு. பொது என்றால் நமக்கும் பங்குண்டு. புறம்போக்கு என்றால் வேலி போட்டவன் வைத்ததே எல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிய கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முன்மாதிரி நம்மிடமே உண்டு. 1968இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேருக்காக இன்குலாப் 'மனுசங்கடா' எழுதினார். மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் மெட்டுக்கட்டி ஊர் ஊராகப் பாடினார். பாட்டு எல்லாருடையதும் ஆனது. இரண்டு பெயரும் அழியவில்லை.

இங்கே செம்பரம்பாக்கம் பக்கம் நடவு வயல்கள் பிளாட்டும் கம்பெனியுமாகிவிட்டன. பேத்திகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். ஆயாவின் பாட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் பெயரின் அருமை இந்த மண்ணுக்குத் தெரியும். சுங்குவார்சத்திரத்தில் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர்கள், சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரக்கூடாது என்ற எதிர்ப்பைத் தாண்டி 2025 ஜனவரியில்தான் சங்கத்தைப் பதிவு செய்தார்கள்.

மாணவத் தோழர்களே, லீவு நாளில் செல்போனை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போய் உட்காருங்கள். பாட்டை மட்டும் பதியாதீர்கள். யார் சொல்லிக் கொடுத்தது, எந்த வயல், யார் சாவு, எந்த வரி அவளே கட்டியது என்று கேளுங்கள். பெயர், ஊர், தேதி போடுங்கள். ஒப்பாரி ஒரு வீட்டின் துக்கம்; வெளியே பாடலாமா என்று அவளையே கேளுங்கள். வேணாம் என்றால் வேணாம்தான். மேடை ஏறும் தோழர்கள் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் பறையை அடியுங்கள்.

இந்த இதழில் இனி 'நாட்டுப்புறப் பாடல்' என்ற தலைப்பில் எதுவும் வராது. பாடியவர் பெயர் போட்டுத்தான் வரும்.