பேத்தியின் கறுப்பு உடையும் என் பழைய கடனும்

வழக்கம்போல மூட்டு வலியைப் பற்றியோ மாடித் தோட்டத்தைப் பற்றியோ எழுதியிருப்பேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு ஜப்பான்காரர்களின் கறுப்பு உடையைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். கடைசி வரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று முடிவில் இருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி வந்து இறங்கினாள். தலை முதல் கால் வரை கறுப்பு. உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று ஒரு மேல்சட்டை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய விளிம்பு, அகலமான கறுப்புக் கால்சட்டை. பட்டுப் புடவைகளுக்கு நடுவில் அவள் மட்டும் தனியாகத் தெரிந்தாள். என் நாத்தனார் காதருகே வந்து, "அண்ணி, யார் வீட்டு எழவுக்குப் போயிட்டு வர்றா இவ?" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கும் சங்கடம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல காரியத்துக்குப் போட்டுட்டு வர்ற டிரஸ்ஸாடி இது?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அம்மாச்சி, இது துக்கத்துக்குப் போட்டதில்ல. யாரும் என்னை மேலயும் கீழயும் பார்த்து எடை போடாம இருக்கறதுக்குப் போட்டது. நான் சொல்ற ரெண்டு பேரைப் பத்திப் படிச்சுப் பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றாள்.

படிக்கச் சொன்னால் படித்துவிடுவது ஆசிரியர் பயிற்சி முடித்த நாளிலிருந்து எனக்குள்ள பழக்கம். ஒரு மாதமாகப் படித்தேன், படங்கள் பார்த்தேன், வீடியோக்கள் பார்த்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவள் சொன்ன இரண்டு பேர் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும். கவாகுபோ 1942இல் டோக்கியோவில் பிறந்தவர். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒரு துணி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தையலையோ உடை வடிவமைப்பையோ எந்தப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. 1969இல் கொம் தே கார்சோன் என்ற பெயரில் உடைகள் செய்ய ஆரம்பித்தார். பிரெஞ்சு மொழியில் அதற்குப் 'பையன்களைப் போல' என்று பொருள். ஒரு பெண் தன் தொழிலுக்கு அப்படிப் பெயர் வைத்ததே எனக்குப் பிடித்துப்போயிற்று.

யமமோட்டோ அவரைவிட ஒரு வயது இளையவர். அப்பா இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டார். அம்மா டோக்கியோவில் தையற்கடை வைத்து மகனை வளர்த்தார், சட்டம் படிக்க வைத்தார். பட்டம் வாங்கிய மகன், வக்கீலாகப் போகாமல், தையற்கடையில் அம்மாவுக்கு உதவியாக உட்கார்ந்துகொண்டார். அந்தத் தாயின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! ஆனாலும் அவர், "இருக்கிறதென்றால் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வா" என்கிற மாதிரி மகனைப் புன்கா என்ற உடைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். 1972இல் யமமோட்டோ சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

1981இல் இருவரும் தங்கள் உடைகளைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்துப் பாரிஸ் எப்படி இருந்தது? இறுக்கிப் பிடித்த இடுப்பு, தூக்கி நிற்கும் தோள்பட்டை, பளபளப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு. அதற்கு நடுவே இவர்கள் மேடையேற்றிய பெண்கள் தட்டைச் செருப்பில், உடம்பின் வளைவு எதுவும் தெரியாத கறுப்பு உடைகளில், நேராக நடந்து போனார்கள். பல பத்திரிகைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பிச்சைக்காரக் கோலம் என்றார்கள். சிலர் ஹிரோஷிமா அணுகுண்டோடு சேர்த்துக் கேலியாகப் பெயர் வைத்தார்கள். அந்த ஊரின் துயரம் அவர்களுக்கு ஒரு சொல் விளையாட்டு!

அடுத்த ஆண்டு கவாகுபோ ஒரு கறுப்புக் கம்பளிச் சட்டை காட்டினார். அங்கங்கே பெரிய பெரிய ஓட்டைகள். எலி கடித்ததுபோல் இருக்கும். இன்றைய பின்னல் இயந்திரம் குறையே இல்லாமல் துணி தருகிறது, அதில் உயிர் இல்லை என்று நினைத்து, இயந்திரத்தின் திருகாணிகளைத் தளர்த்தி, எங்கே ஓட்டை விழும் என்று முன்கூட்டியே தெரியாதபடி பின்னச் செய்தாராம். அது கிழிசல் இல்லை, ஒரு வகை லேஸ் என்பது அவர் வாதம். அந்தச் சட்டை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2017இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கவாகுபோவுக்கென்று தனிக் கண்காட்சியே நடத்தியது. உயிரோடு இருக்கும் உடைக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதற்கு முன் 1983இல் ஒரே ஒரு தடவைதான்.

பாரிஸ் திட்டினால் திட்டட்டும், டோக்கியோ இளம்பெண்கள் இந்த உடையைப் பிடித்துக்கொண்டார்கள். அயோயாமா, ஹராஜுகு தெருக்களில் 1980களின் தொடக்கத்தில் கறுப்பு உடையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். ஜப்பான் பத்திரிகைகள் அவர்களுக்கு 'கராசு ஸோகு' என்று பெயர் வைத்தன. கராசு என்றால் காக்கை, ஸோகு என்றால் இனம். காக்கை இனம்! கேலிப் பெயர்தான். அதைக் கேட்டு அந்தப் பெண்கள் உடையை மாற்றிக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் தாண்டியும் அந்தத் தெருக்களில் அந்தக் கறுப்பு நடக்கிறது. அதே உடையைத்தான் என் பேத்தி சல்லிசான நகலாக வாங்கிப் போட்டிருக்கிறாள்.

ஏன் இது நிலைத்தது? நான் புரிந்துகொண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது, வெட்டும் முறை. ஜப்பானியரின் கிமோனோ சுமார் 12 மீட்டர் நீளமும் ஒன்றரை அடிக்கும் குறைந்த அகலமும் உள்ள ஒரே துணிச் சுருளிலிருந்து, நேர்கோட்டில் வெட்டித் தைப்பது. உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி துணியை வெட்டுவதில்லை. துணிக்கும் உடம்புக்கும் இடையே காற்றோட்டமாக இடம் இருக்கும். நம் புடவையும் வேட்டியும் அப்படித்தானே? குண்டானாலும் இளைத்தாலும் அதே புடவை. இவர்கள் செய்த கறுப்பு உடைகளிலும் அந்த இடைவெளி இருக்கிறது. உடம்புதான் துணிக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, நிறம். பூவும் சரிகையும் இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கறுப்பு மட்டும் வைத்தால் மடிப்பு தெரியும், நிழல் தெரியும், தைத்தவரின் கை தெரியும். தப்பாக வெட்டியிருந்தால் மறைக்க ஒரு பூகூட இல்லை. கரும்பலகையில் வெள்ளைக் கோடு போட்டுப் பழகிய எனக்கு இது உடனே விளங்கியது.

மூன்றாவதுதான் முக்கியம். ஆண்களின் பார்வையிலிருந்து பெண்ணின் உடம்பைக் காக்கும் உடை செய்ய விரும்பியதாக யமமோட்டோ சொல்லியிருக்கிறார். கறுப்பு அடக்கமானது, அதே சமயம் திமிரானது. நானும் உன்னைத் தொந்தரவு செய்யவில்லை, நீயும் என்னைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்கிற நிறம் என்பது அவர் கருத்து. இதைப் படித்ததும் எனக்கு நம் வீட்டுக் குழந்தைகளின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டு நினைவுக்கு வந்தது. இடுப்பில் கட்டும் கறுப்புக் கயிறு நினைவுக்கு வந்தது. சில வீடுகளில் வளைகாப்பன்று கர்ப்பிணிக்குக் கறுப்புப் புடவைதான் கட்டுவார்கள். எதற்கு? கண் படாமல் இருக்க. ஊர்க் கண்ணிலிருந்து காக்கக் கறுப்பு வேண்டும், பேத்தி அதே காரணம் சொல்லி உடுத்தினால் அது எழவு வீட்டு உடையா? என் நாத்தனார் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். யமமோட்டோவின் அசல் கோட்டு ஒன்று லட்ச ரூபாயைத் தாண்டும். கிழிசல் சட்டையை ஏழை போட்டால் ஏழ்மை, பணக்காரர் போட்டால் கலையா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. எல்லாரும் கறுப்பு போட ஆரம்பித்தால் அதுவே இன்னொரு சீருடை ஆகிவிடும் என்பதும் உண்மை. கவாகுபோவே 1980களின் பிற்பகுதியில் "சிவப்புதான் கறுப்பு" என்று சொல்லி வேறு நிறத்துக்குத் தாவினார்.

சீருடை என்றதும் இன்னொன்று. அதே ஜப்பானில் பையன்களின் பழைய பள்ளிச் சீருடை கறுப்பு. வேலை தேடிப் போகும் பட்டதாரிகள் எல்லாரும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டு. பிறவியிலேயே பழுப்பு முடி உள்ள பிள்ளைகளைக்கூடக் கறுப்புச் சாயம் பூசச் சொன்ன பள்ளிகள் உண்டு. 2017இல் ஒசாகாவில் ஒரு மாணவி இதற்காக வழக்கே தொடுத்தார். டோக்கியோ அரசுப் பள்ளிகள் 2022இல்தான் இந்த விதியைக் கைவிட்டன. ஆக, கறுப்பிலேயே இரண்டு கறுப்பு. பிறர் உன்மேல் பூசுவது ஒன்று, நீயே எடுத்து உடுத்துவது ஒன்று.

இந்த இடத்தில்தான் ஒரு மாதமாக என் தூக்கம் கெடுகிறது.

ஏறத்தாழ முப்பது வருடத்துக்கு முன், ஆண்டு விழா. ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கு நான்தான் நடனம் பழக்கினேன். நன்றாக ஆடக்கூடிய ஒரு பெண், நல்ல கறுப்பு. அவளிடம் இருந்த ஒரே நல்ல பாவாடை கறுப்புப் பாவாடை. ஓரத்தில் அவள் அம்மா கையால் சிவப்பு நூல் வேலை செய்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஆசையாக வந்து நின்றாள். நான், "ஏற்கெனவே இருட்டு, இதுல கறுப்பு வேறயா? பின் வரிசைக்குப் போ" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். என் காதில் விழுந்தது. நான் தடுக்கவில்லை. விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன். அந்த வருடம் அவள் ஆடவில்லை.

34 வருடம் பாடம் நடத்தினேன். நல்லாசிரியர் என்று நீங்கள் எல்லாம் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போடுகிறீர்கள். அந்த வாழ்த்துகளுக்குக் கீழே இந்தப் பெண்ணும் இருக்கிறாள் என்று நினைக்கும்போது கூச்சமாக இருக்கிறது. டோக்கியோவில் அந்தப் பெண்கள் காக்கை என்ற பேரைத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள் என்றால், அவர்கள் வளர்ந்தவர்கள், கூட்டமாக இருந்தார்கள், அவர்கள் உடுத்தியது அவர்களே விரும்பி எடுத்தது. இவள் பத்து வயதுப் பிள்ளை, தனியாக நின்றாள். அந்தப் பேரை அவள்மேல் போட வழிவிட்டது அவளுடைய டீச்சர்.

அம்மா, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீ இந்தப் பதிவைப் படித்தால் இது உனக்குத்தான் என்று உனக்குத் தெரியும். நான் செய்தது தப்பு. அன்றைக்கு அந்தப் பாவாடை அழகாக இருந்தது. உன் அம்மாவின் கைவேலையும் அழகாக இருந்தது. நீ முன் வரிசையில் நின்றிருக்க வேண்டியவள். என்னை மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேச வேண்டும் என்று தோன்றினால் என் எண் பழைய எண்தான்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த விசேஷத்துக்கும் என் பேத்தி கறுப்பு உடுத்தி வரலாம். வந்தால் "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள், போதும். இப்போது பள்ளிகளில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கும் சொல்கிறேன். ஆண்டு விழா வரும், வரிசை நிறுத்துவீர்கள். எந்தப் பிள்ளையைப் பின்னால் அனுப்புகிறோம், எதற்காக அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உங்கள் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்