பயிற்சிச் செலவை யார் சுமப்பது?

தியாகராய நகரில் ஜவுளிக்கடைப் பலகைகளுக்கு இடையே இன்னொரு வகைப் பலகையும் இப்போது கண்ணில் படுகிறது: "மெடிக்கல் கோடிங் பயிற்சி, வேலை நிச்சயம்!" மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இதே விளம்பரந்தான். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்து மாடிகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் இருந்தன. லோயர், ஹையர் பாஸ் செய்தால் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று நம்பி வாலிபர்கள் படியேறினார்கள். இன்று பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகனும் அதே நம்பிக்கையோடு படியேறுகிறார்கள். கட்டணத்துக்காக வீட்டில் உள்ள நகை அடகுக்கடைக்குப் போகிறது. ஆகவே இது நம்முடைய பிரச்னை.

இந்த வேலைதான் என்ன? அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் நோயையும் செய்த சிகிச்சையையும் எழுதி வைக்கிறார். அதைப் படித்து ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவதே மெடிக்கல் கோடிங். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். எண் தவறினால் பில் திரும்பிவிடும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே ஐ.சி.டி. 10 என்ற நோய்ப் பட்டியல் அமலில் இருக்கிறது. அதில் 70,000க்கு மேற்பட்ட குறியீடுகள் உள்ளன. சிகிச்சைகளுக்கு வேறு புத்தகம். டாலரில் வரும் பில்லை ரூபாய்ச் சம்பளத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பதால்தான் இந்த வேலை சென்னைக்கு வந்தது.

வேலை பொய்யல்ல; கௌரவமான வேலை. உடற்கூறு தெரிய வேண்டும், டாக்டரின் குறிப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நம் பிள்ளைகளால் முடியாததல்ல. நாம் கண்டிப்பது "நிச்சயம்" என்ற அந்த ஒரு சொல்லை!

பயிற்சி நிலையம் கொடுக்கும் சர்டிபிகேட் வேறு. கம்பெனிகள் மதிக்கும் பட்டம் வேறு. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க ஸ்தாபனம் நடத்தும் சி.பி.சி. பரீட்சையே பெரிதும் மதிக்கப்படுகிறது. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதம் எடுத்தால் தேர்ச்சி. அதன் கட்டணம் தனி. தேறினாலும், அனுபவம் இல்லாதவரின் பட்டத்தோடு 'ஏ' என்ற எழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்ரண்டீஸ் என்று பொருள். பல கம்பெனிகள் நர்சிங், பார்மசி, உயிரியல் படித்தவர்களையே முதலில் கேட்கின்றன. இதைச் சொல்லாமல் பி.ஏ., பி.காம். படித்த பிள்ளையிடம் பணம் வாங்குவது அப்பட்டமான மோசடி. போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரே குறியீடு போடும் முறையும் பரவி வருகிறது.

அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோம், தோழர்களே! பஞ்சுத் தூசியால் மூச்சு முட்டும் நோய்க்கு ஜே 66.0 என்று எண். பாம்பு விஷத்துக்கு டி 63.0 என்ற வரிசை. நம் நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் பஞ்சுத் தூசி நோயைத் தொழில் நோயாக ஏற்று நஷ்டஈடு தருகிறது. ஆனால் வரப்பில் பாம்பு கடித்த விவசாயக் கூலிக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. கடல் கடந்த நோயாளியின் பில்லுக்கு எண் போட மகன் கடன் வாங்கிப் படிக்கிறான். அவன் தகப்பனின் நோய்க்குக் காப்பு இல்லை. இதுவா நியாயம்?

மில்லில் புதிய ஆளுக்குத் தறியைப் பழக்குவது மில் முதலாளியின் செலவு. தறி பழகக் கட்டணம் கொடு என்று எவனாவது கேட்டால் நாம் பொறுப்போமா? கோடிங் வேலைக்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு? லாபம் அடையும் கம்பெனிகளே பயிற்சிச் செலவை ஏற்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் சம்பளமும் தர வேண்டும். தாட்கோ மூலம் ஆதிதிராவிடர், பழங்குடி வாலிபர்களுக்குக் கட்டணமில்லாத் திறன் பயிற்சிகள் நடக்கின்றன. மெடிக்கல் கோடிங்கும் அவற்றில் இடம்பெற்றதுண்டு. இத்தகைய பயிற்சியை எல்லா ஏழை வாலிபருக்கும் மாவட்டந்தோறும் விரிவாக்க வேண்டும். "வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் நிலையங்களை சர்க்கார் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளையின் படிப்புக்கு இந்த வேலை கிடைக்குமா? சென்ற வருஷம் இங்கே படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இருவரோடு பேசலாமா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் தருவீர்களா? பதில் வராத இடத்தில் நகையை வைக்காதீர்கள்.

வேலை கிடைத்த வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளுக்கு இத்தனை சார்ட், இத்தனை சதம் பிழையின்மை என்று உங்களுக்கும் அளவு வைக்கிறார்கள். மில்லில் அதற்குப் பெயர் வேலைப்பளு. 1918இல் சென்னையில் மில் தொழிலாளர் சங்கம் கண்டது அந்தப் பளுவை எதிர்த்துப் பேசத்தான். ஐ.டி. ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக சர்க்காரே தெளிவுபடுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்து செய்தாலும் உழைப்பு உழைப்புத்தான். தகப்பன் மில் வாசலில் கற்ற பாடத்தைப் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் மறந்துவிடக் கூடாது.