செத்தவர்மீது சுமத்தும் பழி

சென்ற இதழில் தொழிற்பாதுகாப்புப் பயிற்சியாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: பத்தில் ஒன்பது விபத்துகள் தொழிலாளியின் அலட்சியத்தால் நடக்கின்றன, அவருடைய நடத்தையைக் கண்காணித்துக் குறித்துவைத்து, ஒழுங்காக நடப்பவருக்குப் பரிசு கொடுத்தால் விபத்து குறையும். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளை. அங்கே கருகிச் செத்தவர்கள் கவனமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது அவருடைய முடிவு. இந்த வாதம் பொய். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவர்கள்மீது சொல்லப்படுவதால் கொடியதும்கூட.

அந்தப் பத்தில் ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. டிராவலர்ஸ் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹெய்ன்ரிச், 1931-இல் விபத்துத் தடுப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 75,000 விபத்துகளை ஆராய்ந்ததாகச் சொல்லி, 88 விழுக்காட்டைத் தொழிலாளியின் செயலுக்கும், 10 விழுக்காட்டை இயந்திரத்துக்கும் சூழலுக்கும் பங்கிட்டார். மீதி 2 விழுக்காடு தவிர்க்க முடியாதவை என்றார். அவர் பார்த்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகளிடம் இருந்த பதிவுகளும். தன் முதலாளியே குற்றவாளி என்று எழுதிக் கொடுக்கும் மேற்பார்வையாளர் எந்த ஊரில் இருக்கிறார்? ஒரு விபத்தை ஒரே காரணத்தின்கீழ் போட்டதால், மூடியில்லாத சக்கரமும் அவசரத்தில் நீண்ட கையும் சேர்ந்து விளைவித்த காயத்தில் கை மட்டும் கணக்கில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் சரிபார்க்கத் தேடியபோது அவருடைய மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை. விபத்துக்கு இட்டுச்செல்லும் வரிசையில் முதல் இடத்தை அவர் கொடுத்தது தொழிலாளியின் பரம்பரைக்கும் வளர்ப்புக்கும். பொறுப்பின்மையும் பிடிவாதமும் பிறப்பிலேயே வரக்கூடும் என்று நம்பியவர் அவர். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அவருடைய எண்ணை அறிவியல் என்ற பெயரில் பயிற்சி வகுப்புகளில் விற்பது வெட்கக்கேடு.

இனிப் பட்டாசு ஆலைக்கு வருவோம். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறையில் வைத்துக்கொள்ளும் மருந்துக்கு அளவு உண்டு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இந்த விதிகளை எழுதியவர்கள் தொழிலாளியின் கவனத்தை நம்பி எழுதவில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த ஒன்றைக் கையால் அள்ளி அடைக்கும் வேலையில் என்றாவது ஒரு நாள் உராய்வு வரும், தீப்பொறி வரும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். அந்த நாளில் தீ ஓர் அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் நான்கு பேர் என்ற வரம்பும் இடைவெளியும். அப்படியானால் பத்துப் பேர், இருபது பேர் என்று சாகும் ஒவ்வொரு விபத்திலும் ஆலையை நடத்தியவரின் குற்றம் சாவு எண்ணிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் தீப்பொறி எந்தக் கையிலிருந்து வந்தது என்ற கேள்வியை அதற்கப்புறம்தான் கேட்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது 38 பேர் செத்தார்கள். விதிமீறல்களுக்காக உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்த ஆலையில்தான் அன்று வேலை நடந்தது. செத்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே இல்லை. வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள். அவர்களுடைய எந்த நடத்தையைக் கட்டுரையாளர் திருத்தப்போகிறார்? 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒருவர் பெயரில் உரிமம் இருக்க, ஆலை உள்குத்தகைக்குப் போயிருந்தது. கட்டுரையில் உள்குத்தகை என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைக் காணாமல் பட்டாசு விபத்தைப் பற்றி ஒருவர் எப்படி எழுத முடிகிறது?

உள்குத்தகைக்கு எடுத்தவருக்கு அறைதான் முதலீடு. அறை சும்மா கிடந்தால் அவருக்கு நட்டம். நான்கு பேர் அறையில் பத்துப் பேர் உட்காருவது அப்படித்தான். இடம் போதாமல் மரத்தடியில் மருந்து செலுத்துவதும் அப்படித்தான். கூலியோ பீஸ் ரேட். மருந்து காயக் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. வெயில் ஏறிவிட்டது, இன்றைக்குப் போதும் என்று எழுந்துபோகும் பெண்ணுக்கு அந்த அரை நாள் கூலி இல்லை. தீபாவளி நெருங்கினால் ஆர்டர் குவியும். தீராத மருந்தை அறையிலேயே விட்டுவைத்தால் ஈரம் பட்டு மறுநாள் தானாகவே வெடிக்கக்கூடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கையில் இருக்கும் ஆளுக்கும் நேரத்துக்கும் மிஞ்சி மருந்து கலக்கச் சொல்வது யார்? இப்படி வேகத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, நிதானமாக இருக்கவில்லை என்று தொழிலாளிமேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார் கட்டுரையாளர்.

அவர் பெருமையோடு முன்வைக்கும் பரிசுத் திட்டம் இன்னும் ஆபத்தானது. விபத்தில்லா நாட்களைப் பலகையில் எழுதி, எண்ணிக்கை கூடினால் எல்லாருக்கும் பரிசு என்று அறிவித்துப் பாருங்கள். காயம் குறையாது, காயத்தைச் சொல்வது குறையும். விரல் நசுங்கியவன் சக தொழிலாளிகளின் பரிசைக் கெடுக்க அஞ்சித் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பான். அடுத்த பெரிய விபத்துக்கு முன்னறிவிப்பாக வந்த சின்ன விபத்து யார் காதுக்கும் எட்டாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் செத்தார்கள். வேலைநாள் இழப்புக்குக் காரணமான காயம் ஏழு ஆண்டுகளாக ஒன்றுகூட இல்லை என்பதைப் பாராட்ட நிறுவன அதிகாரிகள் அன்றுதான் மேடைக்கு வந்திருந்தார்கள். வழுக்கி விழுந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கிணற்றின் அழுத்தத்தைக் கோட்டைவிட்டார்கள்.

தீப்பெட்டி ஊரான சிவகாசிக்கு நன்றாகப் புரியக்கூடிய வரலாறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் தீப்பெட்டி ஆலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. கை கழுவு, சொத்தைப் பல்லைக் காட்டிவிட்டு வா என்று அவர்களுக்கும் நடத்தை விதிகள் போட்டார்கள். நோய் போகவில்லை. நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக பிரையன்ட் அண்ட் மே நிறுவனம் 1898-இல் அபராதம் கட்டியது. 1906-இல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை உருவானது. நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை கொண்டுவந்தன. அதன் பிறகே தாடைகள் தப்பின. எந்தப் பெண்ணும் அதற்குமுன் இருந்ததைவிடக் கூடுதல் கவனத்தோடு வேலை பார்த்து அந்த நோய் ஒழியவில்லை. வேலையிடத்திலிருந்து நஞ்சை எடுத்தார்கள், ஒழிந்தது.

பயிற்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மருந்து கலப்பவருக்கும் போர்மேனுக்கும் எது எதோடு சேர்ந்தால் வெடிக்கும் என்பது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் விதியை மீறி ஆட்களை உட்கார வைத்த அறையில், பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே நொடியில்தான் சாகிறார்கள்.

நடத்தையைத் திருத்த விரும்பும் கட்டுரையாளர் உரிமத்தை வாடகைக்கு விடுபவரின் நடத்தையிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் போர்மேனைக் கைதுசெய்து கணக்கை முடிக்கும் பழக்கத்தை எதிர்த்து எழுதட்டும். பட்டாசுத் தொழிலாளிக்குப் பீஸ் ரேட்டை ஒழித்து நாள் கூலி கொடுக்கச் சொல்லி, தன் வகுப்புகளுக்குக் காசு கொடுக்கும் முதலாளிகளிடம் நேராகக் கேட்கட்டும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் முன்னறிவிப்பில்லாமல் அறை அறையாகத் தலையை எண்ணும்படி அதிகாரிகளை வற்புறுத்தட்டும். இவற்றில் ஒன்றையாவது செய்யும்வரை, பட்டாசுத் தொழிலாளிகளின் சாவுக்கு அவர்களையே காரணமாக்கும் கட்டுரைகளை அவர் எழுதாமல் இருக்க வேண்டும்; பத்திரிகைகளும் வெளியிடாமல் இருக்க வேண்டும்.